மோடத்துக்கு ஏற்றிய ஊதுவத்தி

புதுச்சேரியில், சாரம் பகுதியில் நான் மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டில், கீழே வீட்டுக்காரர்களின் கூடத்தில் சாமி அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில்தான் மோடம் தொங்கியது. சாமி படங்களுக்கு எரியும் சிவப்புக் குட்டி விளக்குக்காக அங்கே ஒரு ப்ளக் பாயிண்ட் இருந்தது. தொலைபேசியும் அங்கேயே இருந்தது. பிராட்பேண்ட் இணைப்புக் கொடுக்க வந்த லைன்மேன் வேறு இடம் தேடவில்லை. வயர் பரணிலிருந்து இறங்கியதால் மோடத்தைத் தலைகீழாக ஆணியில் மாட்டினார். பின்பக்கம் மேலே பார்த்தபடி இருந்தது. முருகனுக்கு அரை அடி தள்ளி நான்கு பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டின் சொந்தக்காரர் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை மில்காரர் என்பார்கள். அவரும் மனைவியும் மட்டும் வீட்டில். ஒரே மகள் படிக்கப் போய் பாரிஸுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் வேலையில் அமர்ந்துவிட்டாள். இணைப்பு அவளுக்காக வாங்கியது. அதிலிருந்து ஒரு கேபிளை பால்கனி வழியாக மாடிக்கு இழுத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. நான் ஒரு நாளிதழுக்குப் புதுவைச் செய்திகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். பதிலுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே வந்து மகளைத் திரையில் வரவழைத்துக் கொடுப்பது என் வேலை.

அந்த ஆண்டு மகளுக்குக் கல்யாணம். காரைக்காலிலிருந்து போய் அங்கேயே வளர்ந்த குடும்பத்துப் பையன். தாலி கட்டுவது தை மாதம் இங்கே. அதற்கு முன் அந்த ஊர் நகரசபையில், மேயர் முன்னிலையில் கையெழுத்துப் போடும் கல்யாணம். நகரசபைக்குப் பிரெஞ்சில் மேரி என்று பெயர்; பழைய ஆட்கள் இன்றும் இதை மேரி கல்யாணம் என்பார்கள். புரட்டாசியில் வேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா பிடிவாதம் பிடித்து, ஐப்பசி பிறந்ததும் வரும் சனிக்கிழமையை வாங்கியிருந்தார். பெற்றோர் போவதாகத்தான் இருந்தது. ஆனால் மில்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, இன்னும் சில மாதம் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை விட்டு அந்த அம்மாவும் கிளம்பவில்லை. சனிக்கிழமை அங்கே மணி மூன்று, இங்கே ஆறரை. மகளின் தோழி மடிக்கணினியின் கேமராவை மேயர் பக்கம் திருப்பி வைப்பாள், இவர்கள் இங்கே பார்ப்பார்கள். ஏற்பாடு அவ்வளவுதான்.

“தாலி கட்டறத பாக்கத்தான் போறமே, இது சும்மா கையெழுத்துதான” என்று மில்காரர் ஒருமுறை சமாதானம் சொன்னார்.

“நீங்க பாக்காதீங்க. நான் பாப்பேன்” என்றார் அந்த அம்மா.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது இணைப்பு கெட்டது. அறுந்து போகவில்லை, கெட்டுப் போனது. திரையில் மகளின் முகம் சதுரம் சதுரமாக உறைந்து நிற்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். பட்டுப்புடவைக் கடையின் பெயரைத் தட்டினால் சீட்டாட்டப் பக்கம் திறக்கும். நகைக்கடையைத் தேடினால் உடம்பு இளைக்கும் மாத்திரை வரும்.

“நான் குண்டா இருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

உப்பளம் பகுதியிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். வைரஸ் என்றார். கம்ப்யூட்டரை முழுதாக அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். அன்று மாலையே மாத்திரை திரும்பி வந்தது. மறுபடி வந்தார், மறுபடி அழித்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. மாடியில் என் கம்ப்யூட்டருக்கும் அதே நோய். என் செய்திகள் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியில் கடிதமாக எழுதி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் போலிருந்தது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஒருவர் பேசினார். நான் அப்போது கீழே இருந்தேன். மில்காரர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க லைன்லேர்ந்தா? வெளிநாட்டு மிஷினயா? சார், நான் முட்டி ஆபரேஷன் பண்ணிக்கினு படுத்துக் கெடக்கேன். நான் யாரப் போயி தாக்குறது?”

எதிர்முனை விளக்கியது. இந்த எண்ணிலிருந்து இரவும் பகலும் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள், புகார் வந்திருக்கிறது, பத்து நாளில் சரி செய்யாவிட்டால் இணைப்பு நிறுத்தப்படும். பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. கல்யாணம் அதற்கு மறுநாள்.

ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க யாரையாச்சும் திட்டி எழுதினீங்களா?”

“போன வாரம் நகராட்சிக் குப்பையப் பத்தி எழுதினேன், ஐயா.”

“அது வெளிநாடு இல்லியே” என்று யோசித்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. மில்லில் அவர் வேலை செய்த காலத்தில் அன்று எல்லா எந்திரங்களையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவார்கள். விஜயதசமி காலையில்தான் மறுபடி ஓடவிடுவது. அந்த வழக்கத்தை அவர் வீட்டிலும் விடவில்லை. ஸ்பேனர்கள், திருப்புளி, இஸ்திரிப் பெட்டி, தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டன. டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினார். பிறகு மோடத்தின் முன் வந்து நின்றார்.

“இதுவும் மிஷின்தான. ஒரு நாளு ஓய்வு எடுக்கட்டும்.”

சுவிட்சை அணைத்தார். பச்சை விளக்குகள் போயின. அந்த அம்மா மோடத்தின் நெற்றிக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் இட்டார். ஊதுவத்தி ஏற்றி, செருகுவதற்கு இடம் தேடினார். மேலே பார்த்துக்கொண்டிருந்த பின்பக்கத்தில், வயர்களுக்கு நடுவே, ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஊதுவத்திக் குச்சி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. “பாருங்க, இதுக்குன்னே வெச்சிருக்கான்” என்றார். நான் பொரியும் பொட்டுக்கடலையும் தின்றுகொண்டு அதைப் பார்த்தேன். பார்த்ததெல்லாம் நினைவில் நிற்கும் தொழில் என்னுடையது. பார்த்ததைப் பற்றி யோசிப்பது வேறு தொழில் என்று பிற்பாடு தெரிந்தது.

விஜயதசமி காலை ஏழு மணிக்கு மில்காரர் சுவிட்சைப் போட்டார். ஒரு மாதமாக இல்லாத வேகம். பதினோரு மணிக்கு, மகளை அவள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே பிடித்துவிட்டோம். முகத்தில் பரு தெரிந்தது. புடவைக் கடை புடவைக் கடையாகவே திறந்தது.

“பூஜையோட பலன்” என்றார் அந்த அம்மா.

பிற்பகல் மூன்றே காலுக்கு மாத்திரை வந்தது.

“பூ வாடிடுச்சி, அதான்” என்றார்.

எனக்கு ஏழு மணியும் மூன்றே காலும் உறுத்தின. கம்ப்யூட்டரை இரண்டு முறை அழித்தும் போகாத நோய், மோடத்தை அணைத்து வைத்ததும் எட்டு மணி நேரம் போயிருக்கிறது. மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, பத்து நிமிடம் மோடத்தை அணைத்துப் போட்டேன். மதியம் வரை சுத்தம். சனிக்கிழமை அணைத்தேன். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. தாளில் நேரங்களை எழுதிக்கொண்டு சென்னையில் எங்கள் பத்திரிகையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவருக்குப் போன் செய்தேன். நேரங்களை வரிசையாக வாசித்தேன்.

“வைரஸ் உங்க மோடத்துக்குள்ள இருக்கு சார்.”

“மோடத்துக்குள்ளயா?”

“அதுவும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். கரண்ட் போனா, செட்டிங்ஸத் தவிர மத்தத எல்லாம் மறந்துடும், வைரஸும் போயிடும். ஆனா கதவு தெறந்து கெடக்குது. திரும்ப ஆன் பண்ணா எவனாவது வெளியிலேர்ந்து நுழைவான். மோடத்தோட பாஸ்வேர்டு என்னா?”

“தெரியாது.”

“உங்களுக்குத்தான் தெரியாது. உலகத்துக்கே தெரியும். பேரு அட்மின், பாஸ்வேர்டும் அட்மின்.”

லைன்மேனை வரவழைத்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் இணைப்புக் கொடுத்தவர் அவர்தான். காதில் பென்சில் செருகியிருப்பார். அதை வைத்து எதையும் எழுதி நான் பார்த்ததில்லை.

“ஆமா சார், எல்லா வீட்டுக்கும் அட்மின்தான். வேற வேற வெச்சா யாருக்கு ஞாபகம் இருக்கும்? மறந்துட்டு எனக்குத்தான் போன் அடிப்பீங்க.”

“அப்ப எல்லா வீட்டுக்கும் ஒரே சாவியா?” என்றார் மில்காரர்.

“வீட்டுக்கு இல்ல பெரியவரே, மோடத்துக்கு.”

“மோடம் எங்க இருக்கு, ரோட்டுலயா இருக்கு?”

லைன்மேன் பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். மாற்ற வேண்டியதை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை வேலையில் இறங்கினோம். வைரஸ் உள்ளே இருக்கும்வரை மோடத்தின் உள்பக்கம் கம்ப்யூட்டரில் திறக்காது, அதன் வாசலை அது அடைத்துக்கொள்ளும் என்று சென்னைக்காரர் சொல்லியிருந்தார். அணைத்துவிட்டுப் போட்டால் திறக்கும். ஆனால் நாம் பாஸ்வேர்டைத் தட்டுவதற்குள் அது மறுபடி நுழைந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பாதி வழியில் பக்கம் மூடிக்கொண்டது. அதுவரை நாற்காலியில் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மில்காரர் கைத்தடியால் சுவரைத் தட்டினார்.

“தம்பி, ஸ்டீம் வந்துக்கினே இருக்கும்போது யாராச்சும் பைப்ப மாத்துவாங்களா? மெயின் வால்வ மூடுங்க மொதல்ல.”

“எது வால்வு?”

“அந்த டெலிபோன் ஒயர புடுங்குங்க. வெளியிலேர்ந்து தான வர்றான்? வழியே இல்லன்னா எப்படி வருவான்?”

பிடுங்கினேன். அணைத்தேன், போட்டேன். உள்பக்கம் அமைதியாகத் திறந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. வெளியிலிருந்து மோடத்தைத் திறக்க அனுமதிக்கும் இடத்தை மூடினேன். புதுப் பாஸ்வேர்டுக்கு மில்காரர் முப்பது வருஷம் நெஞ்சில் குத்தியிருந்த டோக்கன் எண்ணைச் சொன்னார். அதன் முன்னும் பின்னும் என்ன சேர்த்தோம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் மனைவிக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, “ஆம்பளைங்க ரகசியம் ஆறு எழுத்துக்குள்ளதான் இருக்கும்” என்றார். பிறகு வயரைச் செருகினேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மாத்திரை வரவில்லை. வியாழன் அன்று தொலைபேசி அலுவலகத்தில் விசாரித்ததில், தட்டல் நின்றுவிட்டது, புகாரை முடித்துவிட்டோம் என்றார்கள்.

செய்ததை எல்லாம் வரிசையாக, பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மோடத்துக்குக் கீழே ஒட்டினேன். கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தேன்: சனிக்கிழமை கல்யாணம் முடியும்வரை யாரும் சுவிட்சை அணைக்கக் கூடாது.

சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கீழே இறங்கினேன். கூடத்தில் சாம்பிராணி வாசனை. அந்த அம்மா அரக்கு நிறப் பட்டுப் புடவையில் இருந்தார். மில்காரர் வெள்ளைச் சட்டையும், ஒரு காலில் மட்டும் ஷூவும் போட்டிருந்தார். ஆபரேஷன் ஆன காலில் செருப்பு. கம்ப்யூட்டருக்கு எதிரே மூன்று நாற்காலிகள். மோடத்துக்குப் புதுச் சந்தனம், புதுக் குங்குமம், ஒரு முழம் கதம்பம். உச்சியில் ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

நான்கு பச்சை விளக்குகளில் இரண்டுதான் எரிந்தன.

“அம்மா, சுவிட்ச அணைச்சீங்களா?”

“ஐயோ, நீங்கதான் எழுதி ஒட்டிட்டீங்களே. தொடவே இல்ல. எரியும்போதே பொட்டு வெச்சேன், எரியும்போதே பத்தி குத்தினேன். நிக்காம ஆடிச்சி. கொஞ்சம் அழுத்திப் புடிச்சேன், அப்புறம் நின்னுது.”

எனக்கு அப்போதுதான் அந்த ஓட்டை என்ன என்பது தெரிந்தது. மோடத்தை வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்பும் பொத்தான் அதற்குள் இருக்கிறது. குண்டூசியால் பத்து விநாடி அழுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆயுத பூஜை அன்று மின்சாரம் இல்லாததால் குச்சிக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. அணைக்கக் கூடாது என்று கோடு போட்டு எழுதி, அதற்கு வேலை கொடுத்தவன் நான்.

ஊதுவத்தியைப் பிடுங்கினேன். டோக்கன் எண் போயிற்று. அதோடு, லைன்மேன் முதல் நாளில் ஏற்றிய இணைப்பு விவரங்களும் போயின. அவை என் தாளில் இல்லை. மணி ஆறு ஆக ஐந்து நிமிடம்.

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். “நான் ஏதாச்சும் பண்ணிட்டேனா?”

“ஒண்ணும் இல்லம்மா. அதுக்கு மறதி வந்துடுச்சி.”

“ஆறரைக்குள்ள ஞாபகம் வருமா?”

லைன்மேனுக்கு என் செல்போனில் அடித்தேன். நான்காவது முறை எடுத்தார். பின்னணியில் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து முழங்கின. தவளக்குப்பத்தில் மச்சினன் வீட்டு நிச்சயதார்த்தத்தில் இருந்தார்.

“சார், கேக்கல! என்னா, மோடமா? என்னா குத்தினாங்க? ஊதுவத்தியா?” சிரிப்பு அடங்க நேரம் ஆனது. “இருங்க, வெளிய வர்றேன்... இப்பவும் கேக்கலியா? அப்ப ஆட்டோ ஸ்டாண்டாண்ட போறேன்.”

நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தட்டினேன். முதலில் இரண்டு எண்கள் சொன்னார். அவற்றைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். ஒரு பஸ் ஹாரன் மேல் வந்து விழுந்தது. மறுபடி சொன்னார். பயனர் பெயர் வீட்டுத் தொலைபேசி எண். அதன் பாஸ்வேர்டைச் சொல்ல மட்டும் தயங்கினார்.

“சொல்லுங்க, மணி ஆறேகால்.”

“அதுவும் அந்த நம்பர்தான் சார். மறக்கக் கூடாதுன்னு...”

தட்டி முடித்தேன். சேமித்தால் விளக்கு வந்துவிடும். கை சேமிக்கும் இடத்துக்குப் போனபோது மில்காரர் கைத்தடியால் என் மணிக்கட்டைத் தடுத்தார்.

“வால்வு?”

டெலிபோன் வயர் செருகியபடியே இருந்தது. உள்ளே அட்மினும் அட்மினும் காவல். போன சனிக்கிழமைப் பரிசோதனையில் இருபது நிமிடத்தில் நுழைந்தவனுக்கு ஒரு கல்யாணம் எவ்வளவு நேரம் நடக்கும் என்று தெரியாது. மில்காரர் தானே எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய் வயரைப் பிடுங்கினார். நான் டோக்கன் எண்ணைத் தட்டினேன். வெளிக்கதவை மூடினேன். சேமித்தேன். “இப்ப போடுங்க” என்றேன். செருகினார். மூன்றாவது விளக்கு சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. அந்த அம்மா முருகனையும் மோடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது நிலைத்தது, நான்காவது வந்தது.

ஆறு இருபத்தெட்டுக்குத் தோழியின் முகம் திரையில் தெரிந்தது, பெரிய மூக்காக. பிறகு கேமரா திரும்பியது. உயரமான கூரை, வரிசையாக நாற்காலிகள், மேசைக்குப் பின்னால் ஒரு பெண்மணி. அவர்தான் மேயர். மார்பின் குறுக்கே நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டை. மேசைக்கு எதிரே மகள், பட்டுப் புடவையில். அரக்கு நிறம்தான். தாயும் மகளும் சொல்லி வைத்து எடுத்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

மேயர் நீளமாக ஏதோ வாசித்தார். எங்கள் மூவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு மகளின் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினார்.

“வீ” என்றாள் மகள்.

“என்னா சொன்னா?”

“சரின்னு சொல்லிட்டா” என்றார் மில்காரர். மில்லில் பழைய பிரெஞ்சுக்கார மேஸ்திரியிடம் அவர் கற்ற ஒரே சொல் அது. முப்பது வருஷத்தில் வேறு எதுவும் தேவைப்படவில்லை என்பார்.

“அவ்ளோதானா? இத்தினி நாளு நான் ஒண்ணு கேட்டா ஒம்போது கேள்வி கேப்பா. அங்க ஒரே வார்த்தையில சரின்னுட்டாளா?”

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாவும் தட்டினார். தட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே மாப்பிள்ளையின் கோட்டு தோளில் தொங்குகிறது என்றார். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராகக் கேமராவிடம் வந்து திரையில் நெற்றியை வைத்தாள். அந்த அம்மா இந்தப் பக்கம் வைத்தார். படம் ஓரிடத்திலும் சதுரமாகவில்லை. ஏழே முக்கால் வரை பேசினார்கள். மில்காரர் மருமகனிடம் ஒரே ஒரு சொல் பேசினார். வீ.

மறுநாள் லைன்மேன் வந்து என் தாளைக் கேட்டார். ஜெராக்ஸ் எடுத்துத் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாஸ்வேர்டு மாற்றினார். ஒவ்வொரு வீட்டு எண்ணையும் அந்தப் பென்சிலால் எழுதிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கே எழுதினார் என்று நான் விசாரிக்கவில்லை. என் தாளில் ஒரு வரி கூட்டினேன்: ஓட்டையில் எதையும் செருகக் கூடாது. ஓட்டையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டினேன்.

அந்த அம்மா இதைக் குறைசொல்லவில்லை. அவருடைய கணக்கில் நடந்தது வேறு. கல்யாணத்தன்று பத்தி குத்துவதற்கு முன் மோடம் ஐந்து நாள்தான் நன்றாக ஓடியது; பத்தி குத்திய பிறகு நான் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை ஒருநாளும் மாத்திரை வரவில்லை. நேரங்களை எழுதி வைத்தவன் நான். என் தாளை வைத்து அதை மறுக்க என்னால் முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கீழே போனபோது, டேப்பின் மேல், சரியாக ஓட்டை இருந்த இடத்தில், ஒரு குங்குமப் பொட்டு இருந்தது.